8085 கிட்டுக்கு லேப்டாப்பில் நிரல் எழுதலாம்: கிராஸ் அசெம்பிளர் தேடிப் பிடிக்கும் வழி

தமிழ்நாட்டில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களில் 8085 கிட்டை, அதாவது இன்டெல்லின் 8085 செயலி பொருத்திய பயிற்சிப் பலகையை, தொடாதவர்கள் குறைவு. சிவப்பு எண்கள் மின்னும் டிஸ்ப்ளே, ஹெக்ஸ் (0 முதல் 9, ஏ முதல் எஃப் என்று பதினாறு இலக்கம் கொண்ட எண்முறை) கீபேட், ரெக்கார்டு நோட்டில் 4100 என்று தொடங்கும் நிரல். ஆப்கோட் அட்டவணையில் விரலை ஓட்டி, கட்டளைக்கு ஓர் எண்ணாகக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக அழுத்துவோம். பத்து வரி நிரலுக்கு அது போதும். நூறு வரி என்றால் நாக்குத் தள்ளிவிடும். நடுவில் ஒரு கட்டளையை மறந்திருந்தால் அதற்குக் கீழே உள்ள முகவரிகள் எல்லாம் நகரும், தாவல் கட்டளைகள் எல்லாம் தவறான இடத்துக்குப் போகும். ரப்பரை எடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

சில வருடங்களுக்கு முன் ரிச்சி தெருவில் ஒரு பழைய கிட் கைக்கு வந்தது. கல்லூரியில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று ஆசை. இந்த முறை கையால் மொழிபெயர்க்க மாட்டேன், லேப்டாப்பில் எழுதி அதிலேயே பைட்டுகளாக மாற்றிக் கிட்டில் ஏற்றுவேன் என்று முடிவு செய்தேன். ஒரு மாலையில் முடிய வேண்டிய வேலை, இரண்டு வாரம் இழுத்தது. கருவிகள் இல்லாததால் அல்ல. ஏராளமாக இருந்தன. எதைத் தேட வேண்டும் என்று எனக்குத்தான் தெரியவில்லை. அந்த இரண்டு வாரத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தவே இதை எழுதுகிறேன். உதாரணம் 8085 என்றாலும், தேடும் முறை எந்தச் செயலிக்கும் பொருந்தும்.

ஒரு கணினியில் நிரலை எழுதி மொழிபெயர்த்து, வேறொரு செயலியில் ஓட்டுவதற்குப் பெயர் கிராஸ் டெவலப்மென்ட். அப்படிக் கட்டளைகளைப் பைட்டுகளாக மொழிபெயர்க்கும் கருவி கிராஸ் அசெம்பிளர். நாம் உட்கார்ந்து எழுதும் கணினி ஹோஸ்ட், நிரல் ஓடப்போகும் செயலி டார்கெட். இது புதுப் பழக்கம் இல்லை, மைக்ரோபிராசசரின் கூடவே பிறந்தது. இன்டெல் தன் 8080-க்குக் கொடுத்த ஆரம்பகாலக் கருவிகளில் மேக்80 என்ற அசெம்பிளரும் செயலியைப் போலவே நடந்துகாட்டும் இன்டெர்ப்80 என்ற சிமுலேட்டரும் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டவை, பெரிய கணினிகளில் ஓடுபவை. 1975-இல் பில் கேட்ஸும் பால் ஆலனும் 8080 பொருத்திய ஆல்டேர் கணினிக்கு பேசிக் மொழியை எழுதியபோது அவர்கள் கையில் ஆல்டேரே கிடையாது. ஹார்வர்டில் இருந்த பிடிபி-10 கணினியில் ஆலன் எழுதிய 8080 சிமுலேட்டரை வைத்துத்தான் எழுதி முடித்தார்கள். உண்மையான இயந்திரத்தை முதன்முதலாகப் பார்த்த இடத்திலேயே அது ஓடியது. அவர்களிடம் இருந்ததைவிடப் பல மடங்கு வசதி இன்று நம் மேசையில் இருக்கிறது.

முதல் படி: கருவியைத் தேடாதீர்கள், பலகையைப் படியுங்கள்

நான் செய்த முதல் தவறு, நேராகத் தேடுபொறியில் செயலியின் எண்ணைப் போட்டு அசெம்பிளர் என்று தேடியது. வருவதெல்லாம் ஒன்று வீட்டுப்பாடத்துக்கான சிமுலேட்டர், இல்லையென்றால் இணைப்பு செத்துப்போன பக்கம். தேடும் முன் பலகையிடம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். பதில்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

செயலி சரியாக எது? சிப்பின் முதுகில் உள்ள எண்ணை அப்படியே எழுதுங்கள். 8085ஏ, 80சி85 எல்லாம் நம் வேலைக்கு ஒன்றுதான். ஆனால் ஒரே அளவு, ஒரே நாற்பது கால் என்பதற்காக இசட்80 என்ற வேறு செயலியை 8085 என்று நம்பிவிடக் கூடாது. தோற்றம் ஒன்றாக இருக்கும், உள்ளே ஆள் வேறு.

நினைவகம் எங்கே ஆரம்பிக்கிறது? ராம் எந்த முகவரியில் தொடங்குகிறது, அதில் கிட்டை இயக்கும் மானிட்டர் நிரல் தனக்காக எவ்வளவு பிடித்துவைத்திருக்கிறது? நம் ஊர் ஆய்வகங்களில் பழகிய 4100 என்பது 8085-இன் விதி அல்ல, அந்தக் கிட்டை வடிவமைத்தவர்களின் முடிவு. வேறு கிட்டுகளில் 2000, 8000 என்று இருக்கும். கையேடு இல்லையென்றால் கீபேடிலேயே சோதிக்கலாம். ஒரு முகவரியில் 55 எழுதித் திரும்பப் படியுங்கள், 55 வந்தால் ராம். 256 பைட் தாண்டித் தாண்டிப் பார்த்தால் எல்லை தெரிந்துவிடும்.

நிரல் எந்த வழியாக உள்ளே போகும்? கீபேட் மட்டும்தானா, சீரியல் போர்ட் உண்டா, ஈப்ரோம் (மின்சாரம் போனாலும் நிரலைத் தக்கவைக்கும் சிப்) சாக்கெட் காலியாக இருக்கிறதா?

எந்த வடிவில் போகும்? சீரியல் வழியாக ஏற்றும் மானிட்டர்களில் பலவும் இன்டெல் ஹெக்ஸ் என்ற எழுத்து வடிவைக் கேட்கும். ஈப்ரோம் எரிக்கும் கருவி ஹெக்ஸும் ஏற்கும், வெறும் பைனரியும் ஏற்கும். கீபேட் என்றால் கண்ணால் பார்த்து அடிக்க, வரிக்கு வரி முகவரியும் பைட்டும் காட்டும் ஒரு லிஸ்டிங் போதும்.

கடைசி இரண்டு கேள்விகளுக்குத்தான் யாரும் முதலில் பதில் தேடுவதில்லை. ஆனால் கருவியைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அவைதான். பிரமாதமான கம்பைலர் கிடைத்தும், அது தரும் கோப்பைப் பலகை சாப்பிடாவிட்டால் என்ன பயன்?

இரண்டாம் படி: குலம் கோத்திரம் விசாரியுங்கள்

செயலிகளுக்கும் உறவுமுறை உண்டு. பெண் பார்க்கப் போவது போல விசாரித்துவிட்டுத் தேடினால், கிடைக்கும் கருவிகளின் எண்ணிக்கை சட்டென்று கூடும்.

8085-க்கு மூத்தது 1974-இல் வந்த 8080. 1976-இல் வந்த 8085 அதன் கட்டளைகள் அத்தனையையும் அதே பைட்டுகளோடு எடுத்துக்கொண்டு, இன்டெல் ஆவணத்தின்படி இரண்டே இரண்டைச் சேர்த்தது: ரிம், சிம். இன்டரப்ட் நிலையைப் படிக்கும் ரிம்முக்கு ஹெக்ஸில் 20, அதை அமைக்கும் சிம்முக்கு 30. அதாவது 8080-க்கு எழுதிய எந்த அசெம்பிளரும் 8085-க்கு ஓடும். ரிம், சிம் தேவைப்படும் இடத்தில் 20 அல்லது 30 என்று பைட்டை நேரடியாக எழுதிவிட்டால் தீர்ந்தது. ஆவணத்தில் சொல்லப்படாத பத்துக் கட்டளைகளும் சிப்பில் ஒளிந்திருந்தன. 1979-லேயே அவை பத்திரிகையில் வெளிவந்துவிட்டன. இந்தப் பத்தை இப்போது தூரத்தில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் அவை நம்மிடம் வம்புக்கு வரும்.

இசட்80-உம் 8080-இன் வழிதான், 8080-இன் பைட்டுகளைப் புரிந்துகொள்ளும். ஆனால் 8080 காலியாக விட்ட இடங்களில் தன் சொந்தக் கட்டளைகளை வைத்தது. 8085-உம் அதே காலி இடங்களில் தன்னுடையதை வைத்தது. ஒரே தாத்தாவின் நிலத்தில் இரண்டு பேரன்கள் ஒரே மூலையில் வீடு கட்டியது போல. பொதுவான பாகம் வரைக்கும் சண்டை இல்லை, மூலைக்குப் போனால் கலகம்.

நான் அந்த மூலைக்குத்தான் போனேன். இசட்80-க்குக் கருவிகள் கொட்டிக் கிடக்கின்றன, உபுண்டுவில் ஒரே கட்டளையில் நிறுவலாம். உறவுக்காரன்தானே என்று அதையே எடுத்துக்கொண்டேன். நிரல் பிழையில்லாமல் மொழிபெயர்ந்தது, ஹெக்ஸும் வந்தது. கிட்டில் ஏற்றி ஓட்டினால் டிஸ்ப்ளேயில் குப்பை. மூன்று இரவு வயரிங்கைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் லிஸ்டிங்கைப் படித்தபோதுதான் புரிந்தது. பூஜ்யமாகும் வரை திரும்பிப் போ என்பதற்கு நான் ஜேஆர் என்ற குறுகிய தாவலை எழுதியிருந்தேன். இசட்80-இல் அதன் பைட்டு 20. அதே 20, 8085-இல் ரிம். கணக்கு நடக்கும் இடமான திரட்டியில் இருந்த என் எண்ணை அழித்துவிட்டு இன்டரப்ட் நிலையைக் கொண்டுவந்து வைக்கும். அடுத்து வந்த, பின்னோக்கித் தாவ வேண்டிய தூரத்தைச் சொல்லும் எஃப்ஏ என்ற பைட்டு 8085 கண்ணுக்கு ஜேஎம் என்ற நிபந்தனைத் தாவல். அது அதற்கடுத்த இரண்டு பைட்டுகளை முகவரி என்று நினைத்து விழுங்கியது. அதற்குப் பிறகு எங்கே போனதோ, அந்தச் செயலிக்கே வெளிச்சம். இசட்80-இன் வேறு குறுகிய தாவல்களான 18-ஐயோ 10-ஐயோ எழுதியிருந்தால், மேலே சொன்ன ஒளிந்திருக்கும் பத்தில் ஒன்று ஓடியிருக்கும்.

ஆகவே விதி இது: மூத்த உறவின் கருவி பாதுகாப்பானது, பங்காளியின் கருவி ஆபத்தானது. 8085-க்கு 8080 கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். இசட்80 கருவியை எடுத்தால், அதை 8080 அல்லது 8085 முறைக்கு மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

குலம் விசாரிப்பது புதுச் செயலிகளுக்கும் உதவும். சென்னை ஐஐடியில் உருவான சக்தி செயலிக்குக் கம்பைலர் வேண்டும் என்று தேடுபவர், சக்தி என்று மட்டும் தேடினால் சுற்றிச் சுற்றி வருவார். அது ரிஸ்க்-ஃபைவ் குடும்பம். அந்தக் குடும்பப் பெயரைப் போட்டால், உலகம் முழுக்கப் பயன்படும் ஜிசிசி கம்பைலர் வந்து நிற்கும்.

மூன்றாம் படி: எந்த வரிசையில் தேடுவது

முதலில் உங்கள் லினக்ஸின் சொந்தக் கிடங்கு. டெபியன், உபுண்டுவில் செயலியின் பெயரைப் போட்டு ஆப்ட் தேடல் ஒன்று செய்யுங்கள். அங்கே கிடைத்தால் நிறுவுவது, புதுப்பிப்பது எல்லாம் தானாக நடக்கும். 8085-க்கு அங்கே கிடைப்பது ஜிஎன்யுசிம்8085. லினக்ஸுக்கு உருப்படியான 8085 சிமுலேட்டர் இல்லையே என்று 2003-இல் ஸ்ரீதர் ரத்னகுமார் எழுத ஆரம்பித்தது, பிறகு பலர் சேர்ந்து வளர்த்தார்கள். அசெம்பிளரும் சிமுலேட்டரும் ஒரே ஜன்னலில் இருக்கும். கீபேடில் அடிக்கும் அளவுள்ள நிரல் என்றால் இதோடு தேடலை நிறுத்திக்கொள்ளலாம்.

அங்கே இல்லையென்றால், பல செயலிகளுக்கு ஒரே கருவியாக வரும் அசெம்பிளர்களைப் பாருங்கள். என் அனுபவத்தில் தேடலின் முக்கால்வாசி இங்கேயே முடிந்துவிடும். நான் முதலில் எடுப்பது ஆல்ஃபிரட் ஆர்னால்ட் எழுதிய மேக்ரோ அசெம்பிளர் ஏஎஸ். நிரலின் தலையில் சிபியு 8085 என்று ஒரு வரி எழுதினால் அந்தச் செயலிக்கு மாறிக்கொள்ளும். மூன்றெழுத்தாக ஏ, எஸ், எல் என்று தேடினால் கிடைக்கும். வெறும் ஏஎஸ் என்று தேடினாலோ டெர்மினலில் அடித்தாலோ லினக்ஸின் சொந்த அசெம்பிளர்தான் முன்னால் வந்து நிற்கும். இது ஹெக்ஸை நேரடியாகத் தராது. முதலில் தன் சொந்த வடிவில் ஒரு கோப்பு தரும், கூடவே வரும் பி2ஹெக்ஸ் அல்லது பி2பின் என்ற சிறு கருவியால் அதை மாற்ற வேண்டும்.

அடுத்தது ஆலன் பால்ட்வின் எழுதிய ஏஎஸ் என்று தொடங்கி நான்கு எக்ஸ் எழுத்தில் முடியும் தொகுப்பு. செயலிக்கு ஒரு தனி அசெம்பிளர், மொழிபெயர்ந்த கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் எல்லாவற்றுக்கும் ஒன்றே. 8085-க்கும் உண்டு. பல கோப்புகளாகப் பிரித்து எழுதுபவர்களுக்கு இது வசதி. ஆனால் 4100ஹெச் என்று கடைசியில் ஹெச் போடும் நம் பழக்கம் இதனிடம் செல்லாது, எண்ணுக்கு முன்னால் 0எக்ஸ் போட வேண்டும்.

இசட்மேக் என்ற ஒன்றும் உண்டு. 8080, இசட்80 இரண்டு பாஷையும் பேசும். எந்த பாஷை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் என் கதைதான்.

சி மொழியில் எழுத வேண்டுமா? ஜிசிசி 8085-ஐத் தொடாது. எஸ்டிசிசி என்ற பிரபலமான சிறு கம்பைலர் இசட்80, 8051 எல்லாம் செய்யும், 8085 செய்யாது. மிச்சம் இருப்பது இசட்88டிகே. பெயரில் இசட்80 வாடை அடித்தாலும் 8080, 8085 இரண்டுக்கும் அதில் ஆதரவு உண்டு. நான்கு கிலோபைட் ராம் உள்ள கிட்டில் சி எழுதுவது தேவையா என்பது உங்கள் மனசாட்சிக்கு விட்ட விஷயம். எழுதிப் பார்த்தேன், பிரின்ட்எஃப் மட்டுமே வீட்டை அடைத்துக்கொண்டது.

இதுவும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது வழி ஒன்று உண்டு, பலர் யோசிக்காத வழி. அந்தக் காலத்து மூலக் கருவியையே இன்றைய லேப்டாப்பில் எமுலேட்டருக்குள் ஓட்டுவது. சிபி/எம் இயக்குதளத்தோடு வந்த அசெம்பிளர் அச்சு அசலான 8080 அசெம்பிளர், நேராக இன்டெல் ஹெக்ஸ் தரும். உடோ முங்க் எழுதிய இசட்80பேக், அல்லது ரன்சிபிஎம், இரண்டில் ஒன்று போதும். 2022-இல் உரிமை வைத்திருந்த நிறுவனம் சிபி/எம்மைப் பகிர்வதற்கான அனுமதியைத் தெளிவாக்கிவிட்டதால் சட்டக் கவலையும் இல்லை. ஒரே எச்சரிக்கை: லினக்ஸில் எழுதிய கோப்பை அப்படியே உள்ளே தள்ளாதீர்கள். வரி முடிவில் சிஆர், எல்எஃப் என்ற இரண்டு குறிகளையும் அது எதிர்பார்க்கும். பழைய பாடப்புத்தக நிரல் ஒன்று எந்தப் புது அசெம்பிளரிலும் மொழிபெயர மறுக்கும்போது இந்த வழி கைகொடுக்கும், ஏனென்றால் அது எழுதப்பட்ட பாஷையே இதுதான்.

கையேடுகள் வேண்டுமென்றால் பிட்சேவர்ஸ் காப்பகத்தில் இன்டெல்லின் பழைய ஆவணங்கள் ஸ்கேன் செய்து கிடக்கின்றன. கருவி கிடைக்காவிட்டாலும் கையேடு கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வேறு செயலிக்காகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேகமான சுட்டல். 6502 என்றால் சிசி65. 6809 என்றால் எல்டபிள்யூ டூல்ஸ். 8051-க்கு எஸ்டிசிசி. 68000-க்கு விஏஎஸ்எம் அல்லது ஜிசிசியின் எம்68கே வடிவம். ஆர்டுயினோவில் உள்ள ஏவிஆருக்கு ஏவிஆர்-ஜிசிசி. ஆர்ம் சிப்புகளுக்கு வரும்போது பெயர் நீளும், ஆர்ம்-நன்-ஈஏபிஐ, ஆர்ம்-லினக்ஸ்-ஜிஎன்யுஈஏபிஐஹெச்எஃப் என்று. முதல் சொல் செயலி. நடுவில் நன் என்று இருந்தால் இயக்குதளம் இல்லாத வெறும் பலகைக்கு, லினக்ஸ் என்று இருந்தால் லினக்ஸ் ஓடும் பலகைக்கு. இரண்டையும் மாற்றி நிறுவிவிட்டு ஒன்றும் ஓடவில்லையே என்று தவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: ஒன்பது பைட் பரீட்சை

கருவி கிடைத்துவிட்டது. உடனே உங்கள் முந்நூறு வரி நிரலை அதன் வாயில் திணிக்காதீர்கள். விடை முன்பே தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். நான் எப்போதும் கொடுப்பது இது:

4100  எல்எக்ஸ்ஐ ஹெச், 4250ஹெச்    21 50 42
4103  சப் ஏ    97
4104  ஆட் எம்    86
4105  ஐஎன்எக்ஸ் ஹெச்    23
4106  ஆட் எம்    86
4107  மூவ் எம், ஏ    77
4108  ஹெச்எல்டி    76

4250-இல் உள்ள எண்ணையும் 4251-இல் உள்ள எண்ணையும் கூட்டி, விடையை 4251-இலேயே வைக்கும். வேண்டுமென்றேதான் எழுத்து கலக்காத பைட்டுகளாகப் பொறுக்கினேன். ஹெக்ஸில் பி எது 6 எது என்று டிஸ்ப்ளேயில் முறைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

மொழிபெயர்த்தால் வரும் இன்டெல் ஹெக்ஸ் வரி இப்படி இருக்க வேண்டும்:

:0941000021504297862386777650

இதைப் படிக்கத் தெரிந்துகொள்வது கருவியைவிட முக்கியம். முதல் 09, இந்த வரியில் ஒன்பது பைட்டுகள். அடுத்த 4100, அவை போய் உட்கார வேண்டிய முகவரி. அடுத்த 00, இது தரவு வரி. பிறகு நம் ஒன்பது பைட்டுகள். கடைசி 50 சரிபார்ப்பு எண். வரியில் உள்ள எல்லாப் பைட்டுகளையும், அந்த 50 உட்பட, ஹெக்ஸில் கூட்டினால் கடைசி இரண்டு இலக்கம் 00 ஆக வேண்டும். இதற்குக் கீழே 00000001 என்று தொடங்கி எஃப்எஃப் என்று முடியும் ஒரு வரி வரும், அது கோப்பு முடிந்தது என்பதற்கான அடையாளம். சில கருவிகள் தரவை வேறு நீளத்தில் உடைத்து இரண்டு வரியாகத் தரலாம். பைட்டுகள் அதேதானா என்று பாருங்கள், அது போதும்.

4250 என்ற முகவரி 50 42 என்று திருப்பி எழுதப்பட்டிருப்பதைக் கவனித்தீர்களா? இன்டெல் குடும்பத்தில் சின்னப் பைட் முன்னால் வரும். உங்கள் கருவி 42 50 என்று எழுதினால், அது மோட்டரோலா வீட்டுப் பிள்ளை. வேறு செயலியைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதில் தேறினால் இன்னும் மூன்று சின்னக் கேள்விகள். ரிம், சிம் எழுதுங்கள், 20, 30 வருகிறதா? பிழை சொன்னால் அது 8080 மட்டும் தெரிந்த கருவி, பரவாயில்லை. ஜேஆர் எழுதுங்கள், பிழை சொல்ல வேண்டும். சத்தமில்லாமல் இரண்டு பைட் எழுதிக்கொடுத்தால் அது இசட்80 முறையில் இருக்கிறது, உடனே மாற்றுங்கள். கடைசியாக, எழுத்தில் தொடங்கும் ஹெக்ஸ் எண் ஒன்று. எஃப்எஃப்ஹெச் என்று மட்டும் எழுதினால் பெரும்பாலான அசெம்பிளர்கள் அதை லேபிள் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். முன்னால் ஒரு பூஜ்யம் சேர்க்க வேண்டும்.

லிஸ்டிங் கோப்பு தராத அசெம்பிளரை நான் வைத்துக்கொள்வதில்லை. எந்த வரிக்கு எந்தப் பைட் என்று காட்டாத கருவியை நம்பி மூன்று இரவு கண்விழிக்க இனி உடம்பில் தெம்பு இல்லை.

ஐந்தாம் படி: சிமுலேட்டரில் ஓட்டிப் பார்ப்பது

கிட்டில் ஏற்றும் முன் சிமுலேட்டரில் ஓட்டுங்கள். 4250-இல் 12, 4251-இல் 34 வைத்து ஓட்டினால் 4251-இல் 46 வர வேண்டும். ஒவ்வொரு கட்டளையாக நகர்த்தி ரிஜிஸ்டர்களை (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்கள்) பார்க்கும் சுகம் கிட்டில் கிடைக்காது.

ஆனால் ஒரு விஷயத்தில் சிமுலேட்டரை அப்படியே நம்பக் கூடாது: நேரம். 8080-உம் 8085-உம் பைட்டுகளில் ஒன்று, வேகத்தில் வேறு. ரிஜிஸ்டருக்கு ரிஜிஸ்டர் மூவ் 8080-இல் 5 கடிகாரத் துடிப்பு, 8085-இல் 4. ஜேஎன்இசட் 8080-இல் எப்போதும் 10. 8085-இல் தாவினால் 10, தாவாவிட்டால் 7. கூட்டல் கழித்தலுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் டிலே லூப் எழுதி எல்இடி மின்ன வைப்பவர்களும், 8085-இன் சீரியல் வெளியீட்டுக் காலான எஸ்ஓடி வழியாகத் தாங்களே பிட் பிட்டாகச் சீரியல் அனுப்புபவர்களும் 8080 கணக்கை வைத்து எழுதினால் மறுமுனையில் குப்பைதான் வரும். உங்கள் பலகையில் உள்ள கிரிஸ்டலையும் பாருங்கள். 6.144 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தால் செயலி ஓடுவது அதில் பாதி வேகத்தில், 3.072.

ஆறாம் படி: கிட்டுக்குள் கொண்டுபோவது

கீபேட் மட்டும் இருந்தால் லிஸ்டிங்கை அச்செடுத்து அடிப்பதுதான் வழி. அப்போதும் லாபம்தான், முகவரிக் கணக்கை இயந்திரம் போட்டுவிட்டது.

சீரியல் இருந்தால் வாழ்க்கை இனிக்கும். கடையில் யூஎஸ்பி-சீரியல் கம்பி இரண்டு வகை விற்பார்கள், கேட்டு வாங்குங்கள். பழைய கிட்டில் உள்ள ஒன்பது கால் சாக்கெட் பேசுவது ஆர்எஸ்232 மின்னழுத்தம், கூட்டலும் கழித்தலுமாகப் பல வோல்ட். ஆர்டுயினோவுக்கு விற்கும் சிறு பலகைகள் பேசுவது 5 அல்லது 3.3 வோல்ட். இரண்டையும் நேராக இணைத்தால் அந்தச் சிறு பலகை புகையாகிவிடலாம். ஒன்பது கால் கனெக்டரோடு வரும் ஆர்எஸ்232 கம்பிதான் வேண்டும்.

உபுண்டுவில் போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால் உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். மினிகாம் அல்லது பிகோகாம் என்ற சீரியல் டெர்மினல் நிரலில் வேகத்தைக் கையேட்டில் உள்ளபடி வையுங்கள், மானிட்டரை ஏற்றும் நிலைக்குக் கொண்டுபோய் ஹெக்ஸ் கோப்பை அனுப்புங்கள். சின்ன நிரல் ஏறி, பெரிய நிரல் பாதியில் பிழை சொன்னால் கோப்பில் தவறு தேடாதீர்கள். லேப்டாப் மூச்சுவிடாமல் அனுப்புகிறது, கிட் மெதுவாகத்தான் விழுங்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் வரிக்கும் இடையே சில மில்லிசெகண்ட் இடைவெளி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஈப்ரோம் வழி போகிறவர்கள் பழைய 2764-ஐ விட்டுவிட்டு 28சி64 என்ற மின்சாரத்தால் அழியும் வகையை வாங்குங்கள். அல்ட்ராவயலட் விளக்கின் கீழே வைத்து அது அழியும்வரை காத்திருக்கும் பொறுமை எல்லோருக்கும் இராது. சாக்கெட்டில் 1-ஆம் கால், 27-ஆம் கால் இரண்டும் எங்கே இணைந்திருக்கின்றன என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், வேறுபாடு அங்கேதான். டிஎல்866 போன்ற புரோகிராமர்களுக்கு லினக்ஸில் மினிப்ரோ என்ற கட்டற்ற கருவி உண்டு.

இங்கே ஒரு பொறி. ஹெக்ஸ் கோப்புக்குள் முகவரி இருக்கிறது, பைனரிக்குள் கிடையாது. எஸ்ரெக்கார்டு தொகுப்பில் உள்ள எஸ்ரெக்-கேட் என்ற கருவியால் நம் ஒன்பது பைட் நிரலை அப்படியே பைனரியாக மாற்றிப் பாருங்கள். கோப்பு 16,649 பைட் இருக்கும். 4100 என்ற ஹெக்ஸ் முகவரிக்குக் கீழே உள்ள 16,640 இடத்தையும் அது பூஜ்யத்தால் நிரப்பிவிடும். எட்டுக் கிலோபைட் சிப்பில் அது எப்படி அடங்கும்? மாற்றும்போது ஆரம்ப முகவரியைக் கழிக்கச் சொல்ல வேண்டும், அதற்கு ஆஃப்செட் என்ற தேர்வு அதிலேயே உண்டு. ஜிஎன்யுவின் ஆப்ஜ்காப்பி நேர்மாறு, முதல் பைட் எங்கே இருக்கிறதோ அங்கிருந்தே ஆரம்பித்து ஒன்பது பைட் மட்டும் தரும். எது என்ன செய்கிறது என்று கோப்பின் அளவைப் பார்த்தாலே தெரிந்துவிடும், எரிக்கும் முன் ஒருமுறை பாருங்கள். ரோமில் வைக்கும் நிரலின் ஆர்க் முகவரியும் (நிரல் தொடங்கும் முகவரி) ராமில் இருந்த 4100 ஆக இருக்கக் கூடாது, சிப் உட்காரும் இடத்தின் முகவரியாக இருக்க வேண்டும்.

எல்லாம் ஓடிய பிறகு செய்ய வேண்டியது ஒன்று மிச்சம். அசெம்பிளரின் மூலக் கோப்பு, அதன் கையேடு, ஒன்பது பைட் பரீட்சை, மொழிபெயர்த்து அனுப்பும் மேக்ஃபைல், பலகையின் நான்கு விடைகள் எழுதிய அந்தத் தாளின் படம் எல்லாவற்றையும் ஒரே அடைவில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். இந்தக் கருவிகளில் பல, ஒருவரோ இருவரோ சொந்த ஆர்வத்தில் நடத்தும் தளங்களில் இருப்பவை. என்னுடையதன் பிரதி ஒன்று பென் டிரைவில், கிட்டின் பெட்டிக்குள்ளேயே டேப் போட்டு ஒட்டியிருக்கிறது.